எதுவரைக்கும், கர்த்தாவே? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. துன்பம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு விசுவாசம் எப்படிக் கைகொடுக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். சிலவற்றுக்கு நீளமாகவே பதில் எழுத வேண்டியிருந்தது. மேற்கோள் வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பின்படி தரப்பட்டுள்ளன.

கேள்வி: வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. முழங்கால் போட்டால் வார்த்தை வருவதில்லை. வந்தாலும் புகாராகத்தான் வருகிறது. "முறுமுறுக்காதே, ஸ்தோத்திரம் சொல்" என்கிறார்கள். சொன்னால் பொய் சொல்வதுபோல் இருக்கிறது. என்ன செய்வது ஐயா?

அந்தப் புகாரையே ஜெபமாக்குங்கள். வேதத்தில் அதற்கு இடம் உண்டு, அதுவும் தாராளமான இடம். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள்தாம். அவற்றை எழுதியவர்களும் ஆலயத்தில் பாடியவர்களும் விசுவாசம் குறைந்தவர்கள் அல்லர்.

முறுமுறுப்பு வேறு, புலம்பல் வேறு. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தங்கள் கூடாரங்களில் முறுமுறுத்தார்கள் என்று சங்கீதம் 106:25 சொல்கிறது. கூடாரத்துக்குள் உட்கார்ந்து, கர்த்தருக்கு முதுகைக் காட்டி, அவரைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். புலம்புகிறவன் அதே வருத்தத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்கிறான். வார்த்தைகள் ஒன்றாகவே இருக்கலாம். யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 6 வசனங்கள். முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு முறை வருகிறது: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" இது முறையீடு. 3, 4 வசனங்கள் விண்ணப்பம்: நோக்கிப்பாரும், செவிகொடுத்தருளும், என் கண்களைத் தெளிவாக்கும். 5, 6 வசனங்கள் நம்பிக்கை. நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவே நிலைமை மாறியதாக ஒரு வார்த்தை கூட இல்லை. எதிரி எங்கும் போகவில்லை, பதிலும் வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லித் தீர்த்த பிறகு, "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று சொல்ல அவனுக்கு வாய் வருகிறது. அவ்வளவுதான் நடந்தது.

இதே வரிசையில் நீங்களும் எழுதுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதலில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு முறையீடு ஐந்தாறு வரி. அடுத்து விண்ணப்பம்; ஒன்றோ இரண்டோ மட்டும், இந்த வாரத்துக்குள் வேண்டியது. கடைசியாக, முன்பு அவர் செய்த ஒரு நன்மையை நினைத்து ஒரு வரி.

இதில் எங்கே தவறுகிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறோம். முதல் தவறு, பொதுப்படையாக எழுதுவது. "மனசுக்குப் பாரமா இருக்கு ஆண்டவரே" என்று எழுதினால் பாரம் அப்படியே இருக்கும். "நேற்று நேர்முகத் தேர்வில் என் வயதைக் கேட்டதும் எதிரே இருந்தவரின் முகம் மாறியது. வீட்டுக்கு வந்து 'நல்லாத்தான் பண்ணேன்' என்று சொன்னேன். அதையும் நீர் பார்த்தீர்" என்று எழுதிப் பாருங்கள், கை நடுங்கும். அதுதான் சங்கீதம் 62:8 சொல்கிற "இருதயத்தை ஊற்றிவிடுங்கள்" என்பது.

இரண்டாவது தவறு, நம்பிக்கைப் பகுதிக்கு அவசரமாக ஓடுவது. வராத நாளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, தேதி போட்டு மூடி வையுங்கள். இன்னொரு நாள் அதே பக்கத்தில் வந்து எழுதலாம். மூன்றாவது, நேரக் கணக்கில்லாமல் எழுதிக்கொண்டே போவது. அரை மணி, ஒரு மணி என்று நீண்டால் அது ஜெபமாக இல்லாமல் புண்ணைச் சொறிவதாகிவிடும். 15 நிமிடம் ஆனதும் எழுந்து ஒரு சின்ன வேலையைச் செய்யுங்கள். அன்றைய விண்ணப்பத்துக்குச் சம்பந்தமான வேலையாக இருந்தால் இன்னும் நல்லது.

ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னவர்கள் மேல் கோபம் வேண்டாம். அவர்கள் ஐந்தாம் வசனத்திலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். நீங்கள் முதல் வசனத்திலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: தினமும் நான்கு அதிகாரம் என்று வேதம் வாசித்து வந்தேன். கணவருக்கு அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து வாசிக்கிறேனே தவிர, மனதில் ஒன்றும் நிற்பதில்லை. திட்டமும் பாதியில் நின்றுவிட்டது. குற்ற உணர்வாக இருக்கிறது.

திட்டத்தை இப்போது ஒதுக்கி வையுங்கள் அம்மா. பயமும் தூக்கமின்மையும் சேர்ந்தால் நீளமாக வாசித்ததை மூளை பிடித்து வைக்காது. அது உடம்பின் இயல்பு, அதில் பாவம் எதுவும் இல்லை. வாசிப்பின் அளவைக் குறைத்து, ஒரே பகுதிக்குத் திரும்பத் திரும்ப வாருங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே சங்கீதம், 10 வசனத்துக்குள். காலையில் ஒருமுறை, படுக்கும்முன் ஒருமுறை, வாய்விட்டு வாசியுங்கள். கண் மட்டும் ஓடினால் மனம் நழுவும். வாயும் காதும் சேர்ந்தால் ஓரளவு நிற்கும். மருத்துவமனை நாற்காலியில் சத்தம் போட முடியாது என்றால் உதட்டை அசைத்தால் போதும்.

மனப்பாடமாகத் தெரிந்த 23-ஆம் சங்கீதத்திலேயே தொடங்கலாம். ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் மூன்று வசனங்களில் தாவீது கர்த்தரைப் பற்றிப் பேசுகிறான்: அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து, அவர் என் ஆத்துமாவைத் தேற்றி என்று. நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது. அந்த இடத்திலேயே பேச்சு மாறிவிடுகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்; உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்." புல்வெளியில் "அவர்" என்றவன் பள்ளத்தாக்கில் "நீர்" என்கிறான். இருட்டு வந்ததும் கர்த்தரோடு நேரே பேசத் தொடங்கிவிட்டான். ஒரு வாரம் முழுக்க இந்த ஒரு வசனத்திலேயே நின்றாலும் நீங்கள் வாசித்தது குறைவு ஆகாது.

கணவர் வீடு திரும்பிச் சில வாரம் ஆன பிறகு பழைய திட்டத்துக்குப் போகலாம். விட்ட நாள்களைச் சேர்த்து வாசித்துக் கணக்கை நேர்செய்ய முயல வேண்டாம். அன்றைய தேதியிலிருந்து தொடருங்கள்.

கேள்வி: இரவு இரண்டு, மூன்று மணிக்குத் திடுக்கென்று விழிப்பு வருகிறது. நெஞ்சு படபடக்கிறது. அந்த நேரத்தில் எப்படி ஜெபிப்பது?

நீளமான ஜெபத்துக்கு அது நேரமில்லை. மூச்சோடு சேர்த்து ஒரே வரியைச் சொல்லுங்கள். உள்ளே இழுக்கும்போது, மனதுக்குள் நான்கு எண்ணும் அளவுக்கு, "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே". வெளியே விடும்போது, ஆறு எண்ணும் அளவுக்கு, "என்மேல் இரக்கமாயிரும்". மூச்சை விடும் நேரம் நீண்டால் இதயத் துடிப்பு மெல்லத் தணியும். கிழக்கத்திய சபைகளின் துறவிகள் நூற்றாண்டுகளாகச் சொல்லி வரும் ஜெபத்தின் சுருக்கம்தான் இது. கைபேசியை எடுக்காதீர்கள். ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து 121-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். எட்டே வசனம். நம்மைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை என்று நான்காம் வசனம் சொல்கிறது. காவலுக்கு ஒருவர் விழித்திருக்கிறார் என்றால் நாம் படுக்கலாம்.

படபடப்பு பகலிலும் வந்தால், அல்லது நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன். "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு" என்று ஜெபக்குழுவில் ஒருவர் கேட்டார். நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். இந்த வகை மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கக் கேடு, பதற்றம் எல்லாம் வரலாம், நோயும் திரும்பலாம். குறைப்பதானால் எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இனி வேதம். 1 இராஜாக்கள் 19-இல் எலியா ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைக் கண்ட அதே தீர்க்கதரிசிதான். அவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை. அவன் தூங்குகிறான். தூதன் தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறான். மறுபடியும் தட்டி எழுப்பி மறுபடியும் சாப்பாடு. அதன்பின் 40 நாள் நடை. அமர்ந்த மெல்லிய சத்தம் அதற்கும் பிறகுதான். கடைசியில் உடனிருக்க எலிசா என்ற துணையும் கிடைக்கிறான். முதலில் தூக்கம், சாப்பாடு, பிறகு பேச்சு, பிறகு துணை. கர்த்தர் கையாண்ட வரிசை அது. அந்த வரிசையில் உடம்பை அவர் தாண்டிப் போகவில்லை.

பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர் (கொலோசெயர் 4:14). தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குப் பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம் (1 தீமோத்தேயு 5:23). துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டு வந்ததாக அவரே எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). இவர்களில் யாருடைய விசுவாசத்தையும் பவுல் குறைசொல்லவில்லை.

செத்துப்போகலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வருமானால், இன்றே, இதை வாசித்து முடித்ததும், பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் அந்த வார்த்தையையே சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். மருத்துவமனைக்கோ உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ உடனே போங்கள். எலியாவும் அந்த வார்த்தையை உரக்கச் சொன்னதால்தான் அது பதிவாகியிருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: மகளின் நோய்க்காக ஜெபிக்க ஓர் ஊழியர் பெரிய தொகையைக் காணிக்கையாகக் கேட்கிறார். "விதைத்தால்தான் அறுப்பு" என்கிறார். கடன் வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். 2 இராஜாக்கள் 5-ஐ இன்று இரவு குடும்பமாக வாசியுங்கள். குஷ்டரோகியான சீரியப் படைத்தலைவன் நாகமான் பத்துத் தாலந்து வெள்ளியும் ஆறாயிரம் சேக்கல் பொன்னும் பத்து மாற்றுவஸ்திரங்களும் கொண்டுவந்தான். குணமான பிறகு வற்புறுத்தியும் தீர்க்கதரிசி எலிசா ஒன்றையும் வாங்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் வாங்கிய எலிசாவின் வேலைக்காரன் கேயாசிக்கு நாகமானின் குஷ்டரோகம் ஒட்டிக்கொண்டது. "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்று இயேசு சீஷருக்குச் சொன்னது நோயாளிகளைச் சொஸ்தமாக்க அனுப்பும்போதுதான் (மத்தேயு 10:8). அந்தப் பணம் மகளின் சிகிச்சைக்கு வேண்டும். ஜெபிக்க உங்கள் சபை மூப்பர்களைக் கூப்பிடுங்கள். யாக்கோபு 5:14 அவர்களைத்தான் அழைக்கச் சொல்கிறது, கட்டணம் எதையும் குறிப்பிடவில்லை.

கேள்வி: குழந்தை குறையோடு பிறந்தது. "ஏதோ பாவம்" என்று சொந்தக்காரர்களே பேசுகிறார்கள். மனது கேட்கவில்லை. நாங்கள் என்ன பாவம் செய்தோம்?

இதே கேள்வியைச் சீஷர்கள் இயேசுவிடம் கேட்டார்கள்: பிறவிக் குருடனாகிய இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா? இரண்டுமல்ல என்று தெளிவாகச் சொன்னார் (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதில் சொன்னார் (லூக்கா 13:4, 5). எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் சிநேகிதர்கள் அதிகாரம் அதிகாரமாக, உன் பாவமே காரணம் என்று வாதாடினார்கள். கர்த்தர் முடிவில் கோபப்பட்டது அவர்கள்மேல்தான் (யோபு 42:7).

உறவினர் மறுபடி பேசினால் விவாதத்துக்குப் போக வேண்டாம். "இயேசு அப்படிச் சொல்லவில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை தண்டனை அல்ல, அம்மா. பிள்ளை.

கேள்வி: எரேமியா 29:11-ஐப் பிடித்துக்கொண்டு ஒரு வருடமாக ஜெபிக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. வாக்குத்தத்தம் பொய்யாகுமா?

பொய்யாகாது. ஆனால் அது யாருக்கு, எப்போது எழுதப்பட்டது என்று பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று சொல்வதற்கு முந்தைய வசனத்திலேயே 70 வருஷம் என்ற கணக்கு இருக்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் வயதானவர்கள் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கவே முடியாது. அவர்களுக்குச் சொன்னது ஐந்தாம் வசனத்தில் இருக்கிறது: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொன்னவர்களை அதே அதிகாரம் பொய்த் தீர்க்கதரிசிகள் என்கிறது.

பிலிப்பியர் 4:13-க்கும் இதே கதிதான். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதை வெற்றி முழக்கமாக எடுத்துக்கொள்கிறோம். முந்தைய இரண்டு வசனங்கள் பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதைச் சொல்கின்றன. எழுதிய பவுல் சிறையில் கட்டுண்டிருந்தார். குறைவைத் தாங்குகிற பெலனைத்தான் அங்கே சொல்கிறார்.

ஆகவே ஒரு வசனத்தைப் பிடிக்குமுன் அதற்கு மேலே பத்து, கீழே பத்து வசனங்களை வாசிக்கும் பழக்கம் வையுங்கள். பிறகு கேள்வி கொஞ்சம் மாறும். "எப்போது முடியும்?" என்பதோடு கூட, "முடிவதற்குள் நான் எந்தத் தோட்டத்தை நாட்டுவது?" என்றும் கேட்கத் தோன்றும்.

கேள்வி: நெருங்கிய தோழி கணவரை இழந்துவிட்டாள். போய்ப் பார்க்க வேண்டும். என்ன பேசுவது என்று தெரியாமல் தள்ளிப்போடுகிறேன்.

இன்றே போங்கள். பேச வேண்டியது மிகக் குறைவு. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அவர்கள் சரியாகச் செய்தது அந்த ஒன்றுதான். பேசத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது.

"தேவ சித்தம்", "கர்த்தருக்கு அவர் தேவைப்பட்டார்", "இதிலும் நன்மை இருக்கும்", "அழாதே, பிள்ளைகளுக்காகத் தைரியமாயிரு" – இந்த நான்கையும் சொல்லாதீர்கள். உண்மையோ இல்லையோ, புதுத் துக்கத்தில் இருப்பவரின் வாயை அவை அடைத்துவிடும். "உன் வீட்டுக்காரரை நினைத்தால் எனக்கும் தாங்கவில்லை" என்று சொல்லி உட்காருங்கள். அவரைப் பெயர் சொல்லிப் பேசுங்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டு, சம்மதித்தால் ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். ஜெபத்துக்குள் பிரசங்கம் வைக்காதீர்கள்.

யோவான் 11-இல் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து இயேசுவிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." மார்த்தாளோடு அவர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாள் அழுதுகொண்டு காலில் விழுகிறாள். அவளிடம் அவர் போதனை எதுவும் பேசவில்லை. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டுவிட்டுக் கண்ணீர் விடுகிறார். இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறார் என்று தெரிந்திருந்தும் அழுகிறார். கேள்வி ஒன்று, ஆள் இரண்டு, பதிலும் இரண்டு. உங்கள் தோழி இன்று மார்த்தாளா மரியாளா என்று அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"ஏதாவது வேண்டுமானால் சொல்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். எது வேண்டும் என்று யோசிக்கும் தெம்பு அவளுக்கு இராது. "வியாழக்கிழமை பிள்ளைகளை நான் அழைத்து வருகிறேன்", "வங்கிக்கு நான் கூட வருகிறேன்" என்று நாளும் வேலையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் கூட்டம் இருக்கும்; அதன்பின் வீடு வெறிச்சோடிவிடும். உங்கள் முறை அப்போதுதான். இரண்டாம் மாதம், திருமண நாள், அவர் பிறந்த நாள், இறந்த நாள் என்று நாள்காட்டியில் இன்றே குறித்து வையுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு நோயில்பூசுதல் கொடுக்கப் பங்குத்தந்தையை அழைக்கலாம் என்றால், "நான் சாகப்போகிறேனா" என்று அழுகிறார்கள்.

நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் இந்தக் கத்தோலிக்கச் சடங்குக்கு இருந்த "அவஸ்தைப்பூசுதல்" என்ற பழைய பெயர் உண்டாக்கிய பயம் இது. சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே தெளிவாக்கிவிட்டது. கடும் நோய், பெரிய அறுவை சிகிச்சைக்கு முன், முதுமைத் தளர்ச்சி எதற்கும் பெறலாம். நிலைமை மோசமானால் மறுபடியும் பெறலாம். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசிச் செபிப்பார்கள். அம்மா நினைவோடு இருக்கும்போதே, குடும்பம் முழுதும் சுற்றி நிற்க, அவர்களும் செபத்தில் பதில் சொல்லும்படி நடந்தால் மிக நல்லது. முந்தின நாள் தந்தையை வெறுமனே வந்து பேசிவிட்டுப் போகச் சொல்லுங்கள். பயம் பாதி போய்விடும்.

கேள்வி: இரண்டு வருடமாகக் கர்த்தர் இருப்பதையே என்னால் உணர முடியவில்லை. ஜெபம் கூரையில் முட்டித் திரும்புவதுபோல் இருக்கிறது. ஆராதனைக்குப் போகிறேன், பாடுகிறேன், உள்ளே ஒன்றுமில்லை. நடிக்கிறேனோ?

நடிக்கிறவர்கள் இந்தக் கேள்வியை எழுதி அனுப்பமாட்டார்கள்.

உணர்வு இல்லாதது விசுவாசம் இல்லாததாகிவிடாது. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் நூலாக வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் இந்த இருளில்தான் அவர் வாழ்ந்தார் என்று தெரிய வந்தது. அந்த ஆண்டுகளிலெல்லாம் அவர் அதிகாலைச் செபத்துக்கு எழுந்திருந்தார், நோயாளிகளைத் தொட்டுத் துடைத்தார்.

செய்யக்கூடியவை சில உண்டு. ஜெபத்தைச் சுருக்குங்கள், ஆனால் விடாதீர்கள்: நாளுக்கு ஐந்து நிமிடம், ஒரே நேரம், ஒரே இடம். சொந்த வார்த்தை வராவிட்டால் கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாகச் சொல்லுங்கள். பிசாசு பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன் சொன்ன வரியும் உங்களுக்குப் பொருந்தும்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அரைகுறையான அந்த ஜெபத்துக்கும் அவர் மகனைக் குணமாக்கினார் (மாற்கு 9). தூக்கம், பசி, வேலையில் ஆர்வம் எல்லாமே சேர்ந்து குறைந்திருந்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருத்துவரையும் பாருங்கள்.

இன்னொன்று, உங்களுக்காக விசுவாசிக்க இரண்டு மூன்று பேரை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். மோசேயின் கைகள் தளர்ந்தபோது ஒரு கல்லைக் கொண்டுவந்து அவனை உட்காரவைத்து, ஆரோனும் ஊரும் இருபுறமும் கைகளைத் தாங்கினார்கள் (யாத்திராகமம் 17:12). திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்தபோது இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை" (மாற்கு 2:5). சபையில் நம்பகமான இருவரிடம், "இப்போது என்னால் ஜெபிக்க முடியவில்லை, நீங்கள் ஜெபியுங்கள்" என்று சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

88-ஆம் சங்கீதத்தையும் வாசியுங்கள். வேறு புலம்பல்களில் கடைசியில் எப்படியாவது ஒரு வெளிச்சம் வரும். இதில் வராது, "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிந்துவிடும். ஆனால் அதை எழுதியவன் 1, 9, 13 வசனங்களில் மூன்று முறை கர்த்தரைக் கூப்பிடுகிறான்: இரவும் பகலும், தினமும், காலையிலே. கத்தோலிக்கத் திருச்சபையின் அன்றாடச் செப நூலான திருப்புகழ்மாலையில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவுச் செபத்துக்கும் இந்தச் சங்கீதமே வைக்கப்பட்டிருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை படுக்கும்முன் நீங்கள் அதைச் சொல்லும்போது, அதே இரவில் அதே வரிகளைப் பல வாய்கள் சொல்லிக்கொண்டிருக்கும்.